ரஸ்க் அடுப்பில் வெந்த கால்

தென்காசியில் ஒரு கல்யாணப் பெண்ணின் இடது காலை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்து, ரஸ்க்கோடு ரஸ்க்காக வேகவைத்து எடுத்தோம் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. ஒரு ஆடி மாதம், குற்றாலத்துச் சாரல் காற்று என் சைக்கிள் கடை முன்னால் ஸ்டாண்டு போட்டு நின்ற மூன்று சைக்கிள்களைப் பாவூர்சத்திரம் வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டது, பிரேக் இல்லாத ஒன்று மட்டும் ஆலங்குளம் தாண்டித்தான் நின்றது என்று சொல்லியிருக்கிறேன். அதை நம்பியவர்கள் இருக்கிறார்கள். எப்படித் திரும்பக் கொண்டுவந்தீர் என்று அக்கறையாக விசாரித்தார்கள். கால் வெந்த கதைக்குத்தான் சாட்சி கேட்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் செண்பகவல்லி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. தென்காசியிலிருந்து யார் எந்த ஊருக்கு டிரங்க் கால் போட்டாலும், எந்த ஊர்க்காரன் தென்காசிக்குப் போட்டாலும், அவள் குரலைத் தாண்டித்தான் போக வேண்டும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது இடது காலின் பலத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை. மேலகரத்தில் அத்தை உலகம்மை வீட்டில் வளர்ந்தாள்.

அந்தக் காலுக்கு இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, முழங்காலுக்கு நேரே ஒரு கீல், தொடையிலும் கெண்டையிலும் தோல் வார், எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பூட்ஸ். பட்டை அந்த பூட்ஸோடுதான் சேர்ந்திருக்கும். வினையே அந்த பூட்ஸ்தான். கோயில் வாசலில் நாம் செருப்பைக் கழற்றிப் போடுகிற மாதிரி அவளால் அதைக் கழற்ற முடியாது. கழற்றினால் காலையே கழற்றியதாகிவிடும். அதனால் காசி விசுவநாதரை அவள் வெளியே நின்று மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவதோடு சரி. உள்ளே போக வேண்டுமென்றால் யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். வளர்ந்த பிறகு தூக்க விடமாட்டாள்.

இரும்புப் பட்டை சில மாதத்துக்கு ஒரு முறை கீலுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். என் கடைக்கு வருவாள். நான் வெல்டிங் வைத்துக் கொடுப்பேன். பக்கத்தில் விரிசல் விடும். மறுபடி வருவாள்.

எண்பத்தி நாலாம் வருஷம் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து நல்லதம்பி வந்தான். அச்சன்புதூர்க்காரன். திருவனந்தபுரத்தில் ராக்கெட் செய்கிற இடத்தில் வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கி, என் கடையில் போட்டுவைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவான். ராக்கெட் செய்கிறவனுக்கு சைக்கிளில் காற்றடிக்கத் தெரியாது. நான்தான் அடித்துக் கொடுப்பேன்.

வந்தவன் பெண்ணைப் பார்க்கவில்லை. வெல்டிங்குக்காகக் கிடந்த இரும்புக் காலைப் பார்த்தான். தூக்கிப் பார்த்தான். முகம் மாறியது.

"இத மாட்டிக்கிட்டா நடக்கீங்க?"

"இல்ல, தலையில வச்சிக்கிட்டு நடக்கேன்," என்றாள் செண்பகம்.

அவன் அப்போதுதான் நிமிர்ந்தான். கால் அவன் கையில், கண் அவள் வாயில்.

"டிரங்க் கால்ல மூணு நிமிஷம் ஆயிட்டு, நீட்டிக்கவான்னு கேக்குறது நீங்கதான?"

"அச்சன்புதூர் உரக்கடைக்கு போன் போட்டு அம்மாவக் கூப்பிடச் சொல்லி, அம்மா நடந்து வாரதுக்குள்ள மூணு நிமிஷத்தையும் தொலைக்கிற ஆளு நீங்களாக்கும்?"

"ஆமா. ஆனா ஒரு தடவகூட நடுவுல கட் ஆனதில்ல."

"ஆகாது," என்றாள். "நான் வயர உருவினாத்தான ஆகும்."

நான் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். சில இடங்களில் எதையும் பார்க்காமல் இருப்பதற்கு அது நல்ல சாமான்.

அடுத்த ஆடி மாதம் நல்லதம்பி ஒரு கறுப்புப் பட்டையோடு வந்தான். ராக்கெட்டுக்காகச் செய்து, நீளம் பற்றாமல் கழித்துப் போட்ட துண்டுகள். கையெழுத்து வாங்கித்தான் வெளியே கொண்டுவந்திருக்கிறான். புளியறைக்கு முந்தின மலையாளச் செக்போஸ்ட்டில் பிடித்துக்கொண்டார்கள்.

"எந்தா இது?"

"காலு."

"ஆருக்கு?"

"ஒரு பொண்ணுக்கு."

"மத்த காலு எங்கே?"

"அது அவங்ககிட்டயே இருக்கு சார்."

போலீஸ்காரர் வாங்கி எடைபார்த்துவிட்டு, இது முருங்கைக்காயைவிட லேசாக இருக்கிறது, போய்த் தொலை என்றாராம். இதை நல்லதம்பி சொல்லித்தான் நான் சொல்லுகிறேன். என் சொந்தச் சரக்கு இல்லை.

தலைமுடியைவிட மெல்லிய கரி நார்களை வரிசையாகப் படுக்கவைத்து, பிசினில் ஊறவைத்து இறுக்கிய பட்டை அது. நான் என் வழக்கப்படி டிரில்லை எடுத்து ஒரு துண்டில் ஓட்டை போட்டேன். பிளந்த மூங்கில் மாதிரி ஆகிவிட்டது.

"ஓட்டை போட்டா நார் அறுந்து போயிரும் அண்ணாச்சி," என்றான். "பசதான் போடணும்."

"பசயா? போஸ்டர் ஒட்டுத மாதிரியா?"

"ராக்கெட்டே பசையிலதான் நிக்குது."

அதற்குப் பிறகு எனக்கு ராக்கெட் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவன் வேலை செய்ததைப் பார்த்தபோது திரும்பிவிட்டது. முழங்கால் கீல் மட்டும் இரும்பு, நான் செய்து கொடுத்தது. கீலின் நாக்கு கறுப்புப் பட்டை மேல் நாலு விரற்கடை படிந்து உட்காரும். இரண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, இரண்டு டியூப் பசையைச் சரிக்குச் சரி கலந்து, தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினான். வெளியே சாரல். கடைக்குள்ளே தீப்பெட்டி பற்றவில்லை, சட்டை காயவில்லை, என் மீசையில் பாசி பிடித்திருந்தது. பசை மட்டும் இறுகியது. இரண்டு நாள் கழித்துக் கிளாம்பைக் கழற்றி நான் ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை.

கீழே பூட்ஸ் இல்லை. உள்ளங்காலுக்கு அடியில் அதே கறுப்பில் ஒரு மெல்லிய தகடு. அவ்வளவுதான்.

செண்பகம் அதை மாட்டிக்கொண்டு முதலில் போன இடம் கோயில். உலகம்மை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நல்லதம்பி நாலடி பின்னால். தென்காசிக் கோயில் வாசலில் எப்போதும் ஒரு காற்று ஆளைத் தள்ளும். ஒரு நகைக்கடைக்காரர் வேட்டி இல்லாமல் சன்னிதிக்குப் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றில் அவள் நின்றாள். சேலை முந்தி கொடி மாதிரி பறந்தது. நாங்கள் இரண்டு பேரும் கையை நீட்டினோம். அவள் பிடிக்கவில்லை. ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், உள்ளே போய்விட்டாள்.

திரும்பிப் பார்த்து, "கல்லு இவ்வளவு சில்லுன்னா இருக்கும்? யாருமே எங்கிட்ட சொல்லலியே," என்றாள்.

நல்லதம்பி தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினான். காற்றில் தூசி என்றான்.

பிறகு அவனே வந்து பெண் கேட்டான். அவனுடைய அம்மாவும் வந்தாள். இத்தனை நாளாக உரக்கடை போனில் தன்னைப் பேசவைத்த பிள்ளை இவள்தானா என்று கன்னத்தைத் தடவினாள். வைகாசியில் முகூர்த்தம் என்று பேச்சு வந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது உலகம்மை ஒரு வார்த்தை சொன்னாள்.

"அம்மி மிதிக்கிறத மட்டும் விட்டுருவோம். ஒரு நாக்காலி போட்டு உக்காத்தி வச்சு மெட்டியப் போட்டுருவோம்."

அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் வலது காலைத் தூக்கி அம்மி மேல் வைத்து, விரலில் மெட்டி போட வேண்டும். அவ்வளவு நேரமும் பெண்ணின் பாரம் முழுக்க இடது காலில். மற்ற பெண்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. செண்பகத்துக்கு நாலு விரற்கடை பசை.

அவள் சேலைத் தலைப்பை ஒழுங்குபண்ணிக்கொண்டு சொன்னாள்.

"எல்லாரும் ஒரு கால்லதான் அத்தை நிக்காளுவ. நானும் ஒரு கால்ல நிக்கேன்."

"விழுந்து கிழுந்து வச்சன்னா?"

"சின்ன வயசுலேர்ந்து என்னைத் தூக்கித் தூக்கித்தான் வச்சிருக்கீங்க. அருவிக்குப் போனாலும் மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போயி தண்ணிக்கடியில வச்சீங்க. அன்னைக்கு ஒரு நா, அவுக ஒரு காலத் தூக்கட்டும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். யாரு கையும் பிடிக்க மாட்டேன். அது முடியலன்னா எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு ஏட்டி, நல்ல பையன்."

"நல்ல பையன்னுதான் சொல்லுதேன். இல்லன்னா நாக்காலியிலேயே உக்காந்துருப்பேன்."

நல்லதம்பி தலையை மட்டும் ஆட்டினான். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. ஒட்டினவன் அவன்தானே.

எண்பத்தி ஆறாம் வருஷத்துக் கத்திரி வெயிலைப் பற்றிச் சொன்னால் அளக்கிறேன் என்பீர்கள். அதனால் குறைத்தே சொல்லுகிறேன். கோழி முட்டையிட்டால் அவிந்த முட்டை. ரத வீதியில் தார் உருகி, நின்று பேசியவர்கள் பேச்சு முடிந்தும் போக முடியாமல் மேற்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பழைய பகையாளிகள் அப்படி நின்றே சம்பந்தியானார்கள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. செண்பகம் கடைக்கு வந்தாள். நடை சரியில்லை. ஒரு பக்கமாக எக்கி எக்கி வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி," என்றாள். "எங்காலு குறுகிக்கிட்டு வருது."

"கால் எப்படித் தாயி குறுகும்?"

"முந்தாநாளு வரைக்கும் சரியா இருந்துச்சு. நேத்து சாயங்காலம் மாட்டுனா கீழ தகடு தனியா நிக்குது, பாதம் அதுல படவே இல்ல. நோய் திரும்பி வந்துட்டுன்னு நினைக்கேன். அவுககிட்ட சொல்லாதீங்க. கல்யாணத்த நிப்பாட்டிரலாம்."

சொல்லிவிட்டு அழவில்லை. கடையில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லதம்பியிடம் சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்க நான் என்ன தபால் பெட்டியா? அன்றைக்குச் சனிக்கிழமை. அவன் வருகிறவரை அவளை காபி, வடை என்று பிடித்துவைத்தேன். வந்தவன் அவள் காலைப் பார்க்கவில்லை. கறுப்புக் காலை வாங்கி, கீல் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். பளபளவென்று ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு வெளியே தெரிந்தது. அதன் மேல் பசை இழுபட்ட தடம், வெல்லப்பாகில் விரல் வைத்து இழுத்தது போல.

"உங்க காலு குறுகல," என்றான். "நான் செஞ்ச காலுதான் நீண்டுட்டு."

அவள் அவனையே பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

எப்படி நீண்டது? மூன்று பேரும் மேலகரத்துக்குப் போனோம். உலகம்மை மாடியில் வடகம் காயப்போட்டிருந்தாள். கொடிக்கம்பத்தில் ஒரு கயிறு. அதன் கீழே துணியில் கட்டிய அம்மிக் குழவி.

"இது என்ன அத்தை?" என்றான் நல்லதம்பி.

"நீங்கதான ஈரம் ஆகாதுன்னு சொன்னீங்க. நேத்து வெள்ளிக்கெழமன்னு கழுவி வெயில்ல காயப்போட்டேன். தகரத்துல போட்டா குரங்கு தூக்கிட்டுப் போயிரும். குத்தாலத்துக் குரங்கு எதையும் விடாது. அதான் கம்பத்துல கட்டித் தொங்கவிட்டு, அடியில குழவியக் கட்டுனேன். கனமா இருந்தா அதால தூக்க முடியாதுல்லா."

வெயிலில் கறுப்புப் பட்டை அடுப்புக் கரண்டியாகக் காய்ந்திருக்கும். கீழே குழவி நாள் முழுக்க இழுத்திருக்கும். உலகம்மைக்கு எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானேவா ஏட்டி ஒங்காலப் பிடுங்கிட்டேன்?"

"பிடுங்கல அத்தை. நீட்டி விட்டிருக்கீங்க," என்றாள் செண்பகம். "சின்னதுல எண்ணெய் தேய்ச்சு உருவி உருவி நீளலன்னு வருத்தப்பட்டீங்கள்ளா. இப்ப நீண்டுட்டு."

நல்லதம்பி உலகம்மை பக்கத்தில் உட்கார்ந்தான். "அத்தை, தப்பு உங்க மேல இல்ல. அந்தப் பசை எந்தச் சூட்டுல இறுகுதோ, அதுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும்தான் தாங்கும். நாம சாரல்ல ஒட்டுனோம். அது குளிர்ல வளந்த பிள்ள. கத்திரி வெயிலக் கண்டதும் அல்வா ஆயிட்டு. இன்னொண்ணும் இருக்கு. இரும்பு சூடு பட்டா நீளும். இந்தக் கரி நாரு இருந்த எடத்துல இருந்து அசையாது. நடுவுல இருக்க பசதான் ரெண்டு பேரையும் சமாளிக்கணும்."

"நடுவுல இருக்கவ பாடு எங்கயும் அதான்," என்றாள் உலகம்மை மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சரி, இப்ப என்ன செய்ய?"

"புதுசா ஒட்டி, இறுகுனதுக்கு அப்புறம் பதமா சூடு காட்டணும். கையில பிடிக்க முடியாத சூடு, ஆனா கருகக் கூடாது. மெதுவா ஏத்தணும், ஒரு பொழுது முழுக்க வைக்கணும், மெதுவா எறக்கணும். ஒருதடவ அந்தச் சூட்டப் பாத்துட்டுன்னா அப்புறம் வெயிலுக்குப் பயப்படாது. ஆபீஸ் அடுப்பு இருக்கு. சொந்த வேலைக்குத் தர மாட்டாங்க. நான் கேக்கவும் மாட்டேன்."

இட்லிக் கொப்பரையில் வைக்கலாம் என்றாள் உலகம்மை. ஆவி ஆகாது. என் கொல்லுலையில் வைக்கலாம் என்றேன். அது கால் இல்லை, கரியாகத்தான் திரும்பி வரும். செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாய், நெல் அவிக்கிற அண்டா என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் செண்பகம்தான் சொன்னாள்.

"ரஸ்க்கு எப்படிக் காயுது?"

கூலக்கடை பஜாருக்குப் பின்னால் யாக்கூப் பாயின் ரொட்டிக்கடை. அவர் கொல்லத்தில் தொழில் கற்றவர். அடுப்பை மலையாள வழக்கில் போர்மா என்பார். விடியற்காலையில் விறகு எரித்து ரொட்டி சுட்டுவிட்டு, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, மிச்சச் சூட்டில்தான் ரஸ்க் அடுக்குவார். தீ இல்லாத சூடு. பொழுது சாயும்வரை மெல்ல மெல்ல இறங்கும்.

"என்ன கொண்டாந்திருக்கீரு அய்யாத்துரை?" என்றார் என்னைப் பார்த்து.

"காலு."

"நான் ஆட்டுக்கால் பாயா போடுறது இல்ல. ரொட்டிதான்."

விவரம் சொன்னோம். கறுப்புக் காலை வாங்கித் தடவிப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். "நீங்க கொண்டார அன்னைக்கு பன்னு போடல. மேல் தட்டுல நடு எடம் ஒனக்குத்தான் தாயி," என்றார்.

புதிதாக ஒட்டிய கால் இறுகியதும், நல்லதம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். கையில் ஒரு நீளத் தெர்மாமீட்டர். ஒரேயடியாக உள்ளே தள்ளக் கூடாது என்றான். யாக்கூப் பாய் தன் நீளத் துடுப்பில் காலை வைத்து, முதலில் அடுப்பு வாயருகே நிறுத்தினார். தெர்மாமீட்டர் ஏறியதும் ஒரு முழம் உள்ளே. மறுபடி ஒரு முழம். அவர் வழக்கமாக ஒவ்வொரு தட்டையும் தள்ளும்போது சொல்லும் பிஸ்மில்லாவை இதற்கும் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு தடவையும் சொன்னார்.

"ரஸ்க்குக்கு ஒண்ணு போதும். இது நடக்கப் போறதுல்லா," என்றார்.

சுற்றிலும் ரஸ்க், நடுவிலே கால். இரும்புக் கதவைச் சாத்தினார்கள்.

உலகம்மை மைதா மூட்டை மேல் உட்கார்ந்தவள் அசையவில்லை. அவள் அதுவரை கடை ரொட்டியைத் தொட்டதில்லை. யாக்கூப் பாய் ஒரு டம்ளரில் டீயும் இரண்டு ரஸ்க்கும் கொடுத்தார். தொட்டுத் தின்றாள்.

"சோம்பு போட்டிருக்கீங்களா?"

"கொஞ்சம் போடுவேன்."

"கூடுதல்," என்றாள். பிறகு கதவைப் பார்த்து, "உள்ள சூடு அதிகமோ?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. யாக்கூப் பாயும் கதவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"தாங்கும்மா. மாவு பிஞ்சா இருக்கும்போதுதான் கஷ்டம். ஒரு தடவ தாங்கிட்டா அப்புறம் எத்தன நா வேணாலும் கெடக்கும்."

சாயங்காலம் அடுப்பு ஆறிய பிறகு வெளியே வந்தது. ஒட்டு ஓரத்தில் பசை தேன் நிறமாக மாறியிருந்தது. நல்லதம்பி ஒட்டின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். சோதிக்கணும் என்றான். மறுநாள் காலை, ரொட்டி சுட்ட சூடு அடங்காத அடுப்பின் வாயில் கட்டித் தொங்கவிட்டோம். அடியில் என்ன கட்டுவது என்று பேச்சு வந்தபோது உலகம்மை பையிலிருந்து அதே அம்மிக் குழவியை எடுத்தாள்.

"இதான் இழுத்துச்சு. இதே இழுக்கட்டும்."

குழவியோடு ஒரு மைதா மூட்டையையும் சேர்த்துக் கட்டினோம். மத்தியானம் இறக்கிப் பார்த்தபோது பென்சில் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. உலகம்மை குழவியைத் தட்டிக்கொடுத்தாள்.

ஆனால் மூட்டை மூட்டைதான். மூட்டைக்கு நடக்கத் தெரியாது, சிரிக்கத் தெரியாது, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஊர் முன்னால் நிற்கத் தெரியாது. நல்லதம்பிக்கு அது தெரியும். கல்யாணம்வரை அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா சொன்னாள்.

முகூர்த்த நாளன்று காற்று என்பதே கிடையாது. மண்டபத்தில் விசிறி சுற்றியது, சூட்டை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டது. முன் வரிசையில் யாக்கூப் பாய் வெள்ளைச் சட்டையில். உலகம்மை மேடைத் தூணுக்குப் பின்னால். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு மடக்கு நாற்காலியை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?" என்றேன்.

"சும்மா இரும்," என்றாள்.

தாலி கட்டி முடிந்தது. ஐயர் ஓமகுண்டத்தில் நெய்யைத் தாராளமாக ஊற்றினார். மூன்று சுற்று. செண்பகம் கறுப்புக் காலை எட்டி வைத்து, நல்லதம்பியின் விரலைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். அது எல்லாப் பெண்களும் பிடிப்பதுதான், கணக்கில் வராது. இரண்டாம் சுற்றில் தீயின் சூடு பட்டு மேடை முழுக்க ஒரு வாசனை கிளம்பியது. ஐயர் மந்திரத்தை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்.

"யாராவது சோம்பு ரஸ்க் கொண்டு வந்திருக்கேளா?"

யாக்கூப் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மி வந்தது. நல்லதம்பி அவள் விரலை விட்டான். குனிந்தான். வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி அம்மி மேல் வைத்தான். பாரம் முழுக்க இப்போது இடது காலில். மெட்டியை எடுத்தான். வெக்கையில் அவள் விரல் உப்பியிருந்தது. மெட்டி பாதி போய் நின்றுவிட்டது. திருப்பினான். நெருக்கினான். வேர்வை அவன் மூக்கு நுனியிலிருந்து அம்மியில் சொட்டியது. அவன் தோள் அவள் கைக்கு நேர் கீழே இருந்தது. லேசாக விரலை வைத்தால் போதும், ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். அவள் இரண்டு கையையும் மாலைக்கு முன்னால் கோத்துக்கொண்டாள்.

அப்போது பட்டுச் சேலைக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம்.

மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஊர் பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நாலு பேருக்குத்தான் கேட்டது. உலகம்மை நாற்காலியை விரித்துவிட்டாள். யாக்கூப் பாய் எழுந்துவிட்டார். நான் மேடையில் ஒரு காலை வைத்துவிட்டேன். நல்லதம்பியின் கை மெட்டியிலேயே நின்றது. தீயை விட்டு விலகிய இரும்பு ஆறி, நீண்டது சுருங்குகிற சத்தமா, ஒட்டு விடுகிற சத்தமா? அவனுக்கே தெரியவில்லை. சேலைக்கு மேலாக முழங்கால் பக்கம் பார்த்தான். உள்ளே இருப்பது தெரியவா போகிறது.

செண்பகம் உதடு அசையாமல் சொன்னாள். எக்ஸ்சேஞ்ச் பழக்கம், எதிர்முனைக்கு மட்டும் கேட்கிற குரல்.

"மெட்டியப் பாருங்க. காலு அங்கனயேதான் நிக்கி."

"நிக்கா?"

"நிக்கேன்."

அவன் ஒரு மூச்சு விட்டான். மெட்டி விரலில் ஏறிவிட்டது.

ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போனார். வலது கால் கீழே இறங்கியது. இனி இரண்டு காலில் நிற்கலாம், பயமில்லை, பிடிமானம் தேவையே இல்லை. அப்போதுதான் அவள் கையை நீட்டி, எழுந்துகொண்டிருந்த அவன் தோளைப் பிடித்தாள். நன்றாக அழுத்திப் பிடித்தாள்.

"என்ன, வலிக்கா?" என்றான் அவன்.

"இல்ல. அது முடிஞ்சிட்டுல்லா. இப்பப் பிடிச்சிக்கிடுதேன்."

விரித்த நாற்காலி வீணாகவில்லை. உலகம்மையே அதில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். யாக்கூப் பாய் தன் துண்டால் அவளுக்கு விசிறினார்.

கடைசியாக ஐயர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசலுக்குக் கூட்டிப்போய் வானத்தைக் காட்டி, அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார். பட்டப்பகல், கத்திரி வெயில், கண்ணைத் திறக்க முடியாது. எல்லாக் கல்யாணத்திலும் எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்லுவார்கள். எனக்கு அந்தச் சடங்கு ரொம்பப் பிடிக்கும். நான் தினமும் தனியாகச் செய்கிற வேலையை அன்றைக்கு ஊரே கூடிச் செய்கிறது.

நல்லதம்பி தெரிகிறது என்றான். செண்பகம் குனிந்து தன் இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டே தெரிகிறது என்றாள்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். மொட்டைக் கோபுரத்துக்குக் கொஞ்சம் மேற்கே, குற்றாலம் மலைக்கு நேர் மேலே, கடுகு அளவில் இருந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.